கீரை துளிர்க்கும்போது வருகிறேன்

பிக் கோவ், வட கரோலினா
18 நவம்பர் 1962

அன்புத் தங்கை ரோவீனாவுக்கு,

அக்கா டைனா எழுதுவது. கிளீவ்லாண்ட் குளிரில் நீயும் உன் கணவன் ஸ்டானும் சளி பிடிக்காமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். நான் நன்றாக இருக்கிறேன். அம்மாவைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

போன மாதம் ஊற்றில் தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் விழுந்துவிட்டாள். பக்கவாதம். வலது கையும் காலும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு, இனி வீட்டில்தான் கவனித்துக்கொள்ள வேண்டும் என்று அனுப்பிவிட்டார்கள். அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ் அத்தனையும் போய்விட்டது. நம் செரோக்கி பாஷை மட்டும் மிச்சம், அதிலும் பாதி. டாக்டர் குனிந்து ஏதோ கேட்டார். அம்மா என் பக்கம் திரும்பி, "இந்தக் கொக்கு என்னடி கத்துது?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டருக்கு நான் சொல்லவில்லை.

சோளக் கஞ்சி இரண்டு வாய்க்கு மேல் இறங்குவதில்லை. ஓடைக்கரையில் நாம் கிள்ளுகிற சோச்சான் கீரைதான் வேண்டுமாம். நவம்பரில் சோச்சானுக்கு நான் எங்கே போவேன்? வசந்தத்தில் ஜாடியில் அடைத்து வைத்ததில் கடைசி ஜாடியை நேற்றுத் திறந்தேன்.

"ரோவி, ரோவி" என்று நாள் முழுக்க உன் பெயர்தான். கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைத்தால் வந்து போ.

உன் அக்கா
டைனா


கிளீவ்லாண்ட், ஒஹையோ
2 டிசம்பர் 1962

என் அருமை அக்காவுக்கு,

உன் கடிதத்தைச் சலவைச்சாலையில் மதிய இடைவேளையில் படித்தேன். அழுதுகொண்டே துணி மடித்ததில் மேற்பார்வைக்காரி, "நீராவிக்கு அந்தப் பக்கம் போய் நில்லு, கண்ணு எரியுதுபோல" என்றாள். அவள் அப்படி நினைத்ததும் நல்லதுதான்.

நீ எப்படி இருக்கிறாய் அக்கா? "நன்றாக இருக்கிறேன்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டாய். தனியாக அம்மாவை எப்படித் தூக்குகிறாய்?

கிறிஸ்துமஸுக்கு வர முடியாது போலிருக்கிறது. ஓட்டல் துணிகள் குவிகிற காலம் அது. லீவு என்று வாயெடுத்தாலே வேலை போய்விடும். ஸ்டானுக்கும் ராத்திரி ஷிஃப்ட். அம்மாவுக்கு ஒரு கம்பளிச் சட்டையும், கீரை டின்கள் கொஞ்சமும் அனுப்பியிருக்கிறேன். இந்த ஊரில் டின்னில் அடைத்த பசலைதான் கிடைக்கிறது. பன்றிக் கொழுப்பில் வதக்கிக் கொடுத்தால் சோச்சான் என்று நம்பிவிடுவாளோ என்னவோ.

அம்மாவின் கன்னத்தில் எனக்காக ஒரு முத்தம் கொடு.

உன் தங்கை
ரோவி


பிக் கோவ்
9 ஜனவரி 1963

ரோவீனா,

பெட்டி வந்து சேர்ந்தது. சட்டை அம்மாவுக்கு அளவாக இருக்கிறது. பசலை வாய்க்குள் போன வேகத்தில் வெளியே வந்துவிட்டது. "மாட்டுக்கு வச்சதை எனக்கு ஊட்டுறியா?" என்று கேட்டாள். மிச்ச டின்களை நான் தின்று தீர்த்தேன். மாடு சொல்வதானால் நன்றாகத்தான் இருந்தது.

பனி விட்டபாடில்லை. படுக்கைத் துணி காயவே மாட்டேன் என்கிறது. அடுப்பைச் சுற்றிக் கயிறு கட்டிக் காயப் போட்டிருப்பதால் வீட்டுக்குள் குனிந்தே நடக்கிறேன். அம்மாவைத் திருப்பிப் படுக்க வைப்பது, துடைப்பது, ஊட்டுவது, மறுபடி திருப்புவது. அவள் தூங்கினால் விறகு பிளக்கப் போவேன். கோடாரிச் சத்தத்தில் எழுந்துவிடுவாள். "ரோவி!" என்று ஒரு சத்தம். அப்புறம் கோடாரியைப் போட்டுவிட்டு ஓடிவருவேன்.

நம் ஓடைக்கரைச் சோச்சான் இந்த வருஷம் வராது. போன கோடை வெள்ளத்தில் கரையோடு வேரும் போய்விட்டது என்று உனக்கு எழுதினேனா? இல்லை என்று நினைக்கிறேன். மேலே எல்லைக் கல்லைத் தாண்டினால் வசந்தத்தில் நிறையத் துளிர்க்கும். அது அரசாங்கத்தின் தேசியப் பூங்கா நிலம். அங்கே கை வைக்கக் கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள்.

கை மரத்துவிட்டது. நிறுத்துகிறேன். ஸ்டானை விசாரித்தேன் என்று சொல்.

டைனா


கிளீவ்லாண்ட்
3 பிப்ரவரி 1963

அன்புள்ள அக்கா,

நீயும் அம்மாவும் பனியைத் தாங்கிக்கொண்டு இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

ஒரே ஒரு கேள்வி. அம்மா "ரோவி" என்று கூப்பிடும்போது நீ என்ன பதில் சொல்கிறாய்? தினமும் அதை நினைத்துக்கொண்டுதான் தூங்கப் போகிறேன். கீரை துளிர்க்கும்போது ரோவி வந்துவிடுவாள் என்று சொல். நிஜமாகவே வருகிறேன்.

என்றும் உன்
ரோவி


பிக் கோவ்
24 மார்ச் 1963

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறேன். பேனாவோடு மேஜையில் சாய்ந்து தூங்கிய நாளும் உண்டு. நீ நலமாக இருப்பாய்.

கீரை துளிர்த்துவிட்டது. போன வாரம் பக்கத்து வீட்டு ஆக்னஸை அம்மாவுக்குக் காவல் வைத்துவிட்டு எல்லைக் கல்லைத் தாண்டிப் போனேன். மரத்தடி ஈரத்தில் சோச்சான் இளசாக, ரோவி, நீ பார்த்திருக்க வேண்டும். நுனியாகப் பார்த்துக் கிள்ளினேன். கோணிப்பை முக்கால்வாசி நிறைந்தது. திரும்பினால் பூங்காக் காவலர் நிற்கிறார். சின்ன வயசு, புதுத் தொப்பி.

"அம்மா, இங்க எதையும் பறிக்கக் கூடாது. பலகையைப் பாக்கலையா?"

"பாத்தேன். வேரை விட்டுட்டுத் தழையைத்தான் கிள்ளுறேன். ரெண்டு வாரத்துல மறுபடி வந்துடும். அம்மாவுக்கு உடம்பு முடியல, இது ஒண்ணுதான் சாப்பிடுவா."

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா. பையைக் கொட்டிடுங்க."

கொட்டினேன். கொட்டிவிட்டு அங்கேயே விழுந்து கிடந்த ஒரு மரத்தில் உட்கார்ந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. அவர் பயந்துவிட்டார். "உடம்பு சரியில்லையா? கடைசியா எப்போ தூங்கினீங்க?" என்று கேட்டார். "போன வருஷம்" என்றேன். எல்லைக் கல் வரைக்கும் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டார். கெட்டவர் இல்லை. கீரை மட்டும் அங்கேயே கிடந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆக்னஸ் இதைச் சர்ச் முழுக்கச் சொல்லிவிட்டாள். அவளுடைய தம்பி ஜாரெட் மலைக்கு அந்தப் பக்கம் ஸ்நோபேர்ட் ஊரில் மர அறுவை ஆலைக்கு லாரி ஓட்டுகிறார். மனைவி இறந்து சில வருஷம் ஆகிறது. திங்கட்கிழமை வாசலில் லாரிச் சத்தம். இரண்டு கோணி நிறையச் சோச்சானை இறக்கி வைத்தார்.

"எங்க ஓடைக்கரையில கேக்க ஆளில்லாம கிடக்கு. தின்னுங்க" என்றார். காப்பி கொடுத்தேன். நின்றபடியே குடித்துவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு முறை வேகவைத்து நீரை வடித்து, கொழுப்பில் வதக்கி அம்மாவுக்கு ஊட்டினேன். கிண்ணம் காலி. சாப்பிட்டு முடித்து அவள் ஒன்று சொன்னாள். அதை நீ வரும்போது சொல்கிறேன்.

உன் அக்கா
டைனா


கிளீவ்லாண்ட்
20 ஏப்ரல் 1963

என் அருமை அக்கா,

அம்மா சாப்பிட்டாள் என்று படித்ததும் எனக்கே வயிறு நிறைந்தது. கீரையைக் கொட்ட வைத்த அந்தத் தொப்பிக்காரர் வீட்டுச் சோற்றில் கல் கிடக்கட்டும்.

ஆமாம், யார் அக்கா அந்த ஜாரெட்? இரண்டு கோணி கீரையை மலை சுற்றி லாரியில் கொண்டுவந்து, காப்பியை நின்றபடி குடித்துவிட்டுப் போகிற ஆள்! நம் ஊரில் சும்மா யாரும் அப்படிச் செய்ததாக எனக்கு நினைவில்லை. அடுத்த கடிதத்தில் அவர் உட்கார்ந்தாரா என்று மட்டும் எழுது.

கீரை துளிர்க்கும்போது வருகிறேன் என்று சொன்னேன். தெரியும். ஈஸ்டருக்கு லீவு தருவதாகச் சொல்லிக் கடைசியில் கையை விரித்துவிட்டார்கள். ஜூனில் கட்டாயம். அம்மா அன்று என்ன சொன்னாள் என்று எழுதக் கூடாதா?

அன்பு முத்தங்களுடன்
ரோவி


பிக் கோவ்
12 மே 1963

ரோவீனா,

இங்கே எல்லாரும் அப்படியே இருக்கிறோம். அங்கே நீயும் அப்படித்தான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

அவர் உட்கார்ந்தார். கீரை முற்றிக் கசக்கத் தொடங்கிவிட்டது, இனி அடுத்த வசந்தம்தான். ஆனாலும் சனிக்கிழமை வந்தால் லாரி வந்துவிடுகிறது. கூரையில் ஓட்டை அடைத்தார். விறகு பிளந்து அடுக்கினார்.

ஸ்டானைப் பற்றி நீ எழுதி வெகு நாளாயிற்று. நான் கேட்கவில்லை. கவனித்தேன் என்று மட்டும் சொல்கிறேன்.

களைப்பாக இருக்கிறது ரோவி. எழுத வந்தது அவ்வளவுதான்.

டைனா


பிக் கோவ்
16 ஜூன் 1963

ரோவீனாவுக்கு,

பக்கத்து வீட்டு ஆக்னஸ் எழுதுகிறேன். கடவுள் புண்ணியத்தில் சௌகரியம். நீயும் சௌகரியமாக இரு. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, நேராகச் சொல்லிவிடுகிறேன்.

என் தம்பி ஜாரெட் உன் அக்காவைக் கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று கேட்டான். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். அப்புறம் உள்ளே கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். "முடியாதுங்க" என்றாள். "அம்மாவையும் கூட்டிட்டு வா" என்றான். அந்த மலைப் பாதையில் கிழவியைக் கொண்டுபோனால் ஊர் போய்ச் சேரமாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "அப்ப நான் இங்க வரட்டுமா?" என்றான். அவன் வேலையும் வீடும் அங்கே. அவளே வேண்டாம் என்றுவிட்டாள்.

இதை அவள் உனக்கு எழுதியிருக்கமாட்டாள். அவள் நாற்பதைத் தாண்டியவள். அம்மாவைத் தூக்கித் தூக்கி முதுகு வளைந்துவிட்டது. போன வாரம் சர்ச்சில் பாட்டுக்கு எல்லாரும் எழுந்தபோது இவள் உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். யாரும் எழுப்பவில்லை.

சலவைச்சாலையில் உன்னை விட்டால் துணி மடிக்க ஆள் கிடைக்கும். புறப்பட்டு வா.

ஆக்னஸ்


பிக் கோவ்
11 ஆகஸ்ட் 1963

அன்புள்ள அக்கா,

ஸ்நோபேர்ட் வீடு பிடித்திருக்கிறதா? மச்சானுக்கு என் வணக்கம். ஆக்னஸ் அக்கா உங்கள் கல்யாணக் கேக்கில் மிச்சத்தை இன்னும் யாருக்கும் கொடுக்காமல் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

ஆக்னஸ் அக்கா கடிதத்தைப் பார்த்து வேலையை விட்டுவிட்டு நான் வந்த அன்று நடந்ததைப் பற்றி நாம் பேசவே இல்லை. கல்யாண வேலை என்று நீ நழுவினாய், நானும் விட்டுவிட்டேன். இப்போது எழுதுகிறேன்.

பையை வைத்துவிட்டு அம்மா பக்கத்தில் மண்டியிட்டேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். உன்னிடம் திரும்பி, "யாரு ரோவி இந்தம்மா? ஆஸ்பத்திரியில இருந்து வந்திருக்காங்களா?" என்று கேட்டாள். நீ என் முகத்தைப் பார்க்காமலே, "ஆமாம்மா" என்றாய்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அம்மா என்னைத் தேடிக் கூப்பிடவில்லை. உன்னைத்தான் ரோவி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒன்பது மாதம் நீ என் பெயருக்கு ஓடிவந்தாய், என் பெயரில் ஊட்டினாய், என் பெயரில் திட்டு வாங்கினாய். எனக்கு எழுதிய கடிதங்களில் அதை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் அக்கா?

இப்போது நீ இல்லை. அம்மா வாசலையே பார்க்கிறாள். "ரோவி எங்க?" என்கிறாள். "நான்தாம்மா ரோவி" என்றால், "ஆஸ்பத்திரிக்காரி பொய் பேசக் கூடாது" என்கிறாள். மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. என்ன செய்வது என்று எழுது.

நானும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டான் போன நவம்பரிலேயே என்னை விட்டுவிட்டுப் போய்விட்டான். உன் முதல் கடிதம் வந்தபோது நான் தனியாகத்தான் இருந்தேன். ராத்திரி ஷிஃப்ட் என்று எழுதினேனே, அது நான் செய்தது. பகலிலும் ராத்திரியிலும் வேலை பார்த்தால் வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. வெறுங்கையோடு அம்மா முன்னால் வந்து நிற்க வெட்கமாக இருந்தது. வந்து நின்றபோது அவளுக்கு என்னை அடையாளமே தெரியவில்லை. வெட்கப்பட்டது வீண்.

ரோவி


ஸ்நோபேர்ட்
20 ஆகஸ்ட் 1963

என் தங்கை ரோவிக்கு,

நானும் அவரும் நலம். நலம் என்றால், தூங்குகிறேன். சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறேன், எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டு மறுபடி தூங்குகிறேன். முதல் வாரம் அவர் பயந்துபோய் மூச்சு வருகிறதா என்று பார்த்தாராம். இப்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வேலைக்குப் போகிறார்.

ஸ்டான் விஷயம் எனக்குப் பாதி தெரியும். மிச்சப் பாதிக்கு வருத்தப்படுகிறேன். அவன் உனக்குச் சரிப்பட்டு வரமாட்டான் என்று அப்போதே சொன்னேன் என்று இப்போது சொல்லமாட்டேன்.

ஏன் எழுதவில்லை என்று கேட்கிறாய். முதலில் திருத்திப் பார்த்தேன். "நான் டைனாம்மா" என்றால் அவள் வாயை மூடிக்கொள்வாள். "ரோவி கொடுத்தாத்தான் சாப்பிடுவேன்" என்பாள். பசியோடு கிடக்கிறவளிடம் எத்தனை நாள் வாதாடுவது? ஒரு நாள் கரண்டியை எடுத்துக்கொண்டு, "ரோவி வந்திருக்கேன்மா" என்றேன். வாயைத் திறந்தாள். அன்றையிலிருந்து அப்படியே போய்விட்டது.

மார்ச்சில் கீரை சாப்பிட்டுவிட்டு அவள் சொன்னதைக் கேட்டாயே. "ரோவி, நீ வந்ததுலருந்துதான் இந்த வீட்டுல வாய்க்கு ருசியா ஒண்ணு கிடைக்குது" என்றாள். முப்பது வருஷம் அந்த வீட்டில் சமைத்தவள் நான். இதை உனக்கு எப்படி எழுதுவது? எழுதினால் நீ அழுவாய், பிறகு உன்னை நான் தேற்ற வேண்டும். அதற்கு என்னிடம் தெம்பு இல்லை.

அவளிடம் பெயரைச் சொல்லி வாதாடாதே. ஆஸ்பத்திரிக்காரி என்றால் ஆஸ்பத்திரிக்காரியாகவே இரு. இடது பக்கம் உட்கார். கஞ்சி சூடாக இருக்கட்டும். ஊட்டும்போது பேசாதே, அவள் பேசட்டும்.

இந்த ஓடைக்கரை முழுக்கச் சோச்சான் பூத்து நிற்கிறது. என் தலைக்கு மேலே உயரம். மர நிழலில் மஞ்சள் இதழ்கள் எல்லாம் கீழே தொங்க, நடுவில் பச்சைக் குமிழ். சின்ன மஞ்சள் குருவிகள் வந்து குமிழைக் கொத்துகின்றன. இத்தனை வருஷமாக அதைக் கிள்ளியிருக்கிறேன், வேகவைத்திருக்கிறேன். பூத்தபின் அது எதற்கும் உதவாது என்று திரும்பிப் பார்த்ததில்லை. நேற்று அதன் கீழேயே படுத்துத் தூங்கிவிட்டேன். அவர் வந்து எழுப்பாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

அக்கா


பிக் கோவ்
5 செப்டம்பர் 1963

அன்புள்ள அக்கா,

நீ தூங்குகிறாய் என்று படித்ததில் எனக்கு மிகவும் சந்தோஷம். இங்கே அம்மா சாப்பிடுகிறாள். நீ சொன்ன மாதிரிதான் செய்தேன். ஆஸ்பத்திரிக்காரியாக இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அவள்தான் பேசினாள்.

செவ்வாய்க்கிழமை கஞ்சி பாதி போய்க்கொண்டிருக்கும்போது கேட்டாள், "உங்களுக்குப் பொண்ணு இருக்கா?"

"இல்லீங்கம்மா."

"எனக்கு ரெண்டு. சின்னவ எங்கியோ பட்டணத்துல இருக்கா. பெரியவ டைனா இங்கதான் இருந்தா. விறகு பொளக்குற சத்தம் கேக்கும். இப்பக் கேக்கல. எங்க போனா அவ?"

"கல்யாணம் ஆகிப் போயிருக்காங்கம்மா."

"யாரைக் கேட்டுப் போனா? அவ இல்லாம இந்த வீட்டுல யாருக்கு என்ன தெரியும்? உங்களுக்குக் கஞ்சியில உப்புப் போடத் தெரியல. கூப்பிடுங்க அவளை."

அன்றையிலிருந்து ஒரே கூப்பாடு. ரோவி என்ற பேச்சே இல்லை. "டைனா! டைனா!" காலையில் கண் விழித்ததும் டைனா. துணி மாற்றினால் டைனா. நேற்று நான் கொல்லையில் இருந்தபோது கூப்பிட்டாள். என்னை அறியாமல், "இதோ வந்துட்டேம்மா" என்று ஓடினேன். என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "எவ்வளவு நேரம்டி கூப்பிடுறது?" என்றாள்.

நான் டைனா ஆகிவிட்டேன் அக்கா. என் முதுகும் வலிக்கத் தொடங்கிவிட்டது.

வந்து ஒருமுறை அவள் முன்னால் நில். உன்னைத்தான் கேட்கிறாள். இந்த முறை நிஜமாகவே உன்னை.

ரோவி


ஸ்நோபேர்ட்
8 செப்டம்பர் 1963

ரோவி,

உன் கடிதத்தை நேற்று அவர் தபாலாபீசிலிருந்து கொண்டுவந்தார். நான் படித்துவிட்டு எழுந்துபோய் ஓடைக்கரையில் நின்றதைப் பார்த்து, "லாரியை எடுக்கட்டுமா?" என்று கேட்டார். "வேண்டாங்க. இன்னைக்கு வேண்டாம்" என்றேன். காரணம் கேட்கவில்லை. நல்ல மனுஷர்.

உன்னிடம் சொல்கிறேன். நான் வந்து கதவைத் திறந்த நிமிஷமே அம்மா என்னைப் பார்த்து, "வந்துட்டியா ரோவி" என்பாள். எனக்குச் சந்தேகமே இல்லை. எதிரில் இருக்கிறவளை அவளுக்குத் தெரியாது, போனவளைத்தான் தெரியும். அதற்காக அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தச் சக்தியெல்லாம் போய்விட்டது.

சனிக்கிழமை வருகிறோம். உன்னைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு அன்று முழுக்க நான் பார்த்துக்கொள்கிறேன். எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் சரி. இனி மாதத்தில் பாதி நாள் நான் அங்கே இருப்பதாக அவரிடம் பேசியிருக்கிறேன். உன் முதுகும் ஒரு முதுகுதான்.

ஆனால் சனிக்கிழமைக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது. அதுவரை பொறுத்துக்கொள். அவள் டைனா என்று கூப்பிட்டால் ஓடிப் போய் நில். உப்பு இல்லை என்று திட்டினால் எனக்காக வாங்கிக்கொள். உனக்காக நான் நிறைய வாங்கியிருக்கிறேன்.

முடிந்தால் சனிக்கிழமைக்குள் ஒரு வரி எழுதிப் போடு. அவள் என் பெயரைச் சொல்லும்போது குரல் எப்படி இருக்கிறது என்று எழுது.

அக்கா
டைனா